பழைய கூண்டை வளர்ப்பு எலிகளின் வீடாக மாற்றுதல்

மதுரையின் பழைய இரும்புக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் கூண்டு கிடைத்தால், விலை பேசுவதற்கு முன் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். தலை நுழையும் சந்தில் எலியின் உடலும் நுழைந்துவிடும் என்பதால், குட்டிகளுக்கு அது 1.25 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. எலி தனிமையைத் தாங்காது. ஒரே பாலின எலிகள் குறைந்தது இரண்டு தாராளமாக ஏறி இறங்க இடம் வேண்டும்.

சோப்பும் வெந்நீரும் கொண்டு எச்சத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவிடுங்கள். லேசான துருவை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பெயின்ட் உரியும் கூண்டை வாங்காமலிருப்பதே நல்லது. மேல்நோக்கித் தூக்கும் சிறு கதவுகளை எலி மூக்கால் நெம்பித் திறந்துவிடும், ஆகவே ஒவ்வொன்றையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள்.

வெறும் கம்பித் தரை பாதங்களைப் புண்ணாக்கும். அதன்மேல் கெட்டியான பருத்தித் துணியை விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். பழைய வேட்டித் துண்டை நான்கு மூலையிலும் கட்டினால் தூளியாகும்.

நம் ஊரின் பெரிய கவலை வெயில்தான். எலிக்கு வியர்த்து உடல் குளிராது. உடல் வெப்பத்தில் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றும். எனவே கூண்டை மொட்டை மாடி அறையில் வைக்காமல், கீழ்த்தளத்தில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, படுத்துக்கொள்ள ஒரு கடப்பைக்கல் துண்டும், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த மானாமதுரை மண்சட்டியும் கொடுங்கள். சட்டியின் விளிம்பில் வாசல் உடைத்து, கூர்முனைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.