கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த நாற்றை வெயிலுக்குப் பழக்குவது எப்படி

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சன்னல் ஓரத்தில் விதை போட்டு, நான்கு இலை விட்டதும் மிளகாய் நாற்றைத் தாழ்வாரத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தவர்களில் பலர் மறுநாளே இலை வெளுத்துப்போனதைக் கண்டிருப்பார்கள். எனக்கு அது ஒரு மார்ச் மாதத்தில் நேர்ந்தது. காலையில் பளபளப்பாக இருந்த இலைகளில் மாலைக்குள் நரம்புகளுக்கு இடையே காகிதம்போல வெளிறிய திட்டுகள் விழுந்திருந்தன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். திட்டுகள் பழுப்பாகிக் காய்ந்தன. உண்மையில் அந்த நாற்று திறந்த வானத்தை அதுவரை கண்டதே இல்லை.

சாதாரணச் சன்னல் கண்ணாடி புற ஊதா ஏ கதிரில் ஒரு பகுதியை உள்ளே விடும். ஆனால் 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வீட்டுக்குள் செடி வளர்க்கும் எல்இடி விளக்குகள் பெரும்பாலானவற்றிலும் இந்தக் கதிர் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், செடி இந்தக் கதிருக்கு எதிரான தன் பாதுகாப்பை முன்கூட்டியே முழுமையாகச் செய்து வைத்துக்கொள்வதில்லை. பி கதிர் தன்மீது படுவதை உணர்ந்த பிறகுதான் பெரும்பகுதியைக் கட்டத் தொடங்குகிறது.

உணரும் வேலையைச் செய்வது யுவிஆர்8 என்னும் புரதம். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் நடந்த ஆய்வுகள் வழியாக, இதுவே பி கதிரின் உணர்வி என்பது 2011இல் உறுதியானது. இருளில் இது இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். கதிர் படும்போது அதிலுள்ள டிரிப்டோஃபேன் அமினோ அமிலங்களே அதை உறிஞ்ச, ஒட்டியிருந்த இணை பிரிகிறது. பிரிந்த புரதம் சிஓபி1 என்னும் மற்றொரு புரதத்துடன் சேர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இதற்குச் சில மணி நேரம் போதும். ஆனால் அந்த மரபணுக்களின் விளைவாக உருவாகும் ஃப்ளேவனாய்டுகள் என்னும், கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் இலையின் மேல்தோலில் போதிய அளவு சேர்ந்து, உள்ளிருக்கும் பச்சையத்துக்கும் டிஎன்ஏவுக்கும் திரையாக அமையப் பல நாட்கள் ஆகின்றன. நாற்றைப் பழக்குவது என்பது இந்த இடைவெளியைக் கடக்க அதற்கு அவகாசம் தருவதுதான்.

முதல் மூன்று நாட்கள், நேர்வெயில் படாமல், ஆனால் வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் தொட்டியை வையுங்கள். இதைப் பலர் வீண் நாட்கள் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் இதுதான் மிக முக்கியமான கட்டம். பி கதிர் காற்றில் வெகுவாகச் சிதறும் தன்மையுடையது என்பதால், நிழலில் நிற்கும் செடிக்கும் வானத்திலிருந்து அது கணிசமாக வந்து சேர்கிறது. சூடும் கடும் ஒளியும் இல்லாமல் செய்தி மட்டும் போய்ச் சேர்கிறது. எதிரிலுள்ள அடுக்குமாடிக் கட்டடம் வானத்தை மறைத்துவிடும் தாழ்வாரத்தில் இந்தப் பயன் குறையும். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமல் உட்புறம் தரையில் வைக்க வேண்டும் என்பதையும், நடைபாதையில் 1.2 மீட்டர் இடம் விட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் முதல் காலை வெயிலை ஒன்பது மணி வரை காட்டுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஏறத்தாழ ஒரு மணிக்கு என்பதை நினைவில் கொண்டால், பதினொன்று முதல் மூன்று வரையிலான நேரத்தைக் கடைசியாகச் சேர்ப்பது ஏன் என்பது விளங்கும். தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கொருமுறை வெளியிடும் புற ஊதாக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மேகம் விலகிய நாட்களில் அது மிகக் கடுமையான அளவாகிய 11ஐத் தாண்டுவதுண்டு. ஆகவே டிசம்பர் மழையில் முளைத்த நாற்றுகளைப் பிப்ரவரியில் வெளியே எடுப்பவர்கள் இன்னும் நிதானமாகச் செல்ல வேண்டும்.

பழகிவிட்டதா என்பதைப் புதிதாக விட்ட இலையில் பாருங்கள். அது பழைய இலையைவிடச் சிறியதாகவும் தடித்தும் இருக்கும், கணுக்களுக்கு இடையே தண்டு குட்டையாகும். துளசியில் தண்டு ஊதா ஏறுவதைக் காணலாம். சிவப்புக் கீரையின் நிறத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அந்த நிறத்தைத் தருவது ஃப்ளேவனாய்டு அல்லாத, பீட்டாலெய்ன் என்ற வேறொரு நிறமி.

இலை வெளுத்தாலே புற ஊதாதான் காரணம் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. நம் வீடுகளில் ஏற்படும் கருகலில் சூட்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் மிகையான ஒளிக்கும் பெரும்பங்கு உண்டு. மூன்றும் ஒன்றாக வருவதால் பிரித்துக் காண்பது கடினம். நல்லவேளையாக, மேற்சொன்ன முறை மூன்றுக்கும் பொருந்தும்.

அடிபட்ட நாற்றை உடனே இருட்டறைக்குள் கொண்டுபோவது பலர் செய்யும் தவறு. பி கதிர் டிஎன்ஏவில் உண்டாக்கும் பிணைப்புகளைப் பிரித்துச் சீராக்கும் ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி, நீல ஒளியும் புற ஊதா ஏ கதிரும் இருந்தால்தான் வேலை செய்யும். எனவே வெளிச்சமான நிழலே அதற்கு மருத்துவமனை. பாதி பச்சையாக உள்ள இலைகளைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, பழகிய செடியைச் சில வாரங்கள் சன்னலுக்கு உள்ளே வைக்க நேரிடலாம். பழைய இலைகளில் திரை ஓரளவு நிற்கும். ஆனால் கதிர் நின்றதும் யுவிஆர்8 மீண்டும் இணையாகி உறங்கிவிடுவதால், உள்ளே விட்ட தளிர்களுக்கு அது இருக்காது. திரும்பி வந்ததும் மூன்று நாள் வானம் தெரியும் நிழலிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.