சான் ஆண்ட்ரியாஸ் ஆடும்போது பாதியில மாட்டிக்காம இருக்கணும்னா

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 2004ல வந்த கேம், இன்னிக்கும் பழைய லேப்டாப்புல, போன்லன்னு ஓடிட்டுதான் இருக்கு, ஆனா ஆடுனவங்கள்ல எத்தனை பேரு கதைய முடிச்சிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதி பேரு மழுப்புவாங்க. கேம் ஒண்ணும் அவ்ளோ கஷ்டம் இல்ல. முன்னாடி நீங்க அசால்ட்டா செஞ்ச ஒண்ணு பத்து மிஷன் தாண்டி வந்து காலை வாரிவிடும், அதுதான் சிக்கல்.

பெரிய ஆப்பு சீட் கோடுலதான், அதாவது ஆடும்போது தட்டுனா குறுக்கு வழியில பணமோ உயிரோ தர்ற ரகசிய எழுத்துகள்ல. ப்ரௌசிங் சென்டர்ல பேப்பர்ல எழுதி வெச்சு தட்டுன பழக்கம் நம்மள விட்டு போகல. ஹெசோயம் அடிச்சா ஹெல்த், ஆர்மர், கூடவே ரெண்டரை லட்சம் டாலர், அது பரவால்ல விடுங்க. ஆனா ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்கிற மாதிரி ஒரு கோடு இருக்கு பாருங்க, அத போட்டா திரும்ப ஆஃப் பண்ண முடியாது, அப்படியே சேவ் வேற பண்ணிட்டீங்கன்னா ஜோலி முடிஞ்சுது. கேம்ல வர்ற லாஸ் வெஞ்சுராஸ் ஊர்ல ஒரு மிஷன், மேட் டாக்னு ஒரு ராப்பர் ஃபுல் போதையில மாடி விளிம்புல நிப்பான், நீங்க அட்டைப்பெட்டி ஏத்துன வண்டிய கீழ கொண்டுவந்து நிறுத்தி, அவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளாடுறதுக்கு ஏத்த மாதிரி வண்டிய நகர்த்தி, விழும்போது பிடிக்கணும். அந்த கோடு சேவ் ஆன ஃபைல்ல நீங்க வண்டியில ஏறுறதுக்குள்ளயே ஆளு குதிச்சிடுவான். எத்தனை வாட்டி ரீட்ரை பண்ணாலும் அதேதான். மெயின் மிஷன் வேற, தாண்டிப் போகவும் வழி இல்ல, புதுசாதான் ஆரம்பிக்கணும். கோடு போட்டு கூத்தடிக்கணும்னா தாராளமா அடிங்க, சேவ் மட்டும் பண்ணாம வெளிய வந்துடுங்க.

அடுத்தது ஏரியா பிடிக்கிற பைத்தியம். டோபர்மேன் மிஷன் முடிஞ்சதும் எதிரி கேங்குகளான பல்லாஸ், வேகோஸ் ஏரியாவ பிடிக்கலாம்னு விடுவாங்க, உடனே மேப் முழுக்க நம்ம கேங் கலரான பச்சையாக்கணும்னு ராத்திரி பகலா சண்டை போடுவோம். கொஞ்சம் தள்ளி கிரீன் சேபர்னு ஒரு மிஷன் வரும், அதோட பிடிச்சதெல்லாம் கையை விட்டுப் போயிடும். கடைசி மிஷனுக்கு, கதை ஆரம்பிக்கிற லாஸ் சாண்டோஸ் ஊர்ல 35 சதவீத ஏரியா நம்ம கையில இருக்கணும், அத கதை திரும்பி அங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம், முன்னாடி ரெஸ்பெக்ட் ஏத்துற அளவுக்கு ரெண்டு மூணு ஏரியா போதும்.

ரயில் மேல நிக்கிற எதிரிங்கள பைக்ல துரத்துற ரயில் மிஷன பத்தி சொல்லவே வேணாம். பைக்க ரயிலுக்கு ஒட்டி ஓட்டுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, ஒட்டிப் போனா மேல நிக்கிறவன் பின்னாடி உக்காந்திருக்க நம்ம கூட்டாளி பிக் ஸ்மோக்குக்கு குறியிலேயே சிக்க மாட்டான். வலது பக்கமா கொஞ்சம் விலகி, ரயில் வேகத்துக்கே போங்க, ஸ்மோக் சுட்டுக்குவாரு. திட்டு வாங்குறது நீங்கன்னாலும் குறி அவரோடது.

நீங்க ஆடுற ஹீரோ சிஜே உடம்பையும் கவனிங்க. சாப்பிடாம விட்டா கொழுப்பு கரைஞ்சு அப்புறம் மசிலும் கரையும், பர்கரா தின்னா தொப்பை போட்டு ஓட முடியாது. மூச்சு தம் பிடிக்கிறத யாரும் கண்டுக்கவே மாட்டாங்க, சான் ஃபியரோ ஊருக்கு போனப்புறம் வூசின்னு ஒரு கேங் தலைவன் கப்பலுக்கு நீந்திப் போன்னு அனுப்புவான், அதுக்கு லங் கெப்பாசிட்டி இல்லன்னா மிஷனே ஆரம்பிக்காது, அதனால சும்மா இருக்கப்போ தண்ணிக்குள்ள முங்கி முங்கி எழுந்து ஏத்தி வெச்சுக்குங்க.

ஆம்புலன்ஸ் மிஷன 12 லெவல் முடிச்சா ஹெல்த் பார் பெருசாகும், ஆனா அத லாஸ் சாண்டோஸ் டிராஃபிக்ல பண்ணி நொந்து போகாதீங்க, கிராமப்பக்கம் போனதும் ஏஞ்சல் பைன்ல பண்ணுங்க, சின்ன ஊரு, ரோடும் காலியா இருக்கும்.

ஸீரோன்னு ஒரு பொம்மைக் கடைக்காரனோட குட்டி விமானம் ஓட்டுற மிஷன்ல மண்டை காயுறவங்களுக்கு ஒண்ணு, அது கதைக்கு தேவையே இல்ல, கடைய வாங்காமலே விட்டுடலாம். பாலைவனத்துல வர்ற ஃப்ளையிங் ஸ்கூல்தான் தப்பிக்க முடியாதது, அதுலயும் கோல்டு மெடல் வாங்கணும்னு ரோஷப்படாதீங்க, எல்லாத்துலயும் வெண்கலம் வந்தா கதை நகரும்.