ஜோர்தானில் அகதிக் குடும்பங்களோடு வேலை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் மஃப்ரக் நகரில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வீட்டு விசாரணைப் படிவம் நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் சறுக்கிய அதே கட்டத்தில் அவனும் சறுக்கினான். கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முகாமை மட்டும் பார்ப்பது

சிரிய அகதிகளுக்கான ஸாத்தரி முகாம் 2012 ஜூலையில் திறந்தது. சுமார் 80,000 பேர் இருந்ததால் அகதிகளைப் பார்க்க வருகிற எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் ஜோர்தானின் சிரிய அகதிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அம்மான், இர்பித், மஃப்ரக் போன்ற ஊர்களில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை பாக்கி புகைப்படத்தில் விழாது.

‘உம்மு அகமது’வைப் பெயரென்று எழுதுவது

அரபியில் அகமதின் அம்மா என்று அர்த்தம். ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள்.

‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்பதோடு நிறுத்துவது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இதுதான். சிரியாவின் தெராவிலிருந்து வந்த இளம் தம்பதி, மனைவி கர்ப்பிணி. கேட்டேன், ஆகிவிட்டது என்றார்கள். டிக் போட்டேன். அடுப்பு, போர்வை என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஷேக் ஒருவர், அதாவது மதப் பெரியவர், சாட்சிகளை வைத்து நடத்தி வைத்த திருமணம் அது. சிரியாவில் பல குடும்பங்களுக்கு அது பழக்கம்தான். முதலில் ஷேக், பதிவெல்லாம் அப்புறம், பல நேரம் குழந்தை பிறந்த பிறகு. ஜோர்தானில் ஷரியா நீதிமன்றத்தில் பதியாவிட்டால் அபராதம் உண்டு. பெண்ணுக்கு 18 ஆகாவிட்டால் தனி அனுமதி வேண்டும். பயந்துகொண்டு தள்ளிப் போடுவார்கள்.

கணவர் தாயைப் பார்க்க எல்லை தாண்டிப் போனார், திரும்பவில்லை. குழந்தை பிறந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. திருமணச் சான்று இல்லாமல் பிறப்புச் சான்று கிடைக்கவில்லை. ஒரு வருடம் தாண்டியதும் அதற்கும் நீதிமன்றம்தான். சிரியச் சட்டத்தில் குடியுரிமை அப்பா வழியாகவே வருகிறது. அப்பா யாரென்று காட்டக் காகிதம் இல்லையென்றால் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போகக்கூடும். சாட்சிகளைத் தேடி, வழக்கறிஞர் பிடித்து, அந்தப் பெண் கைக்குழந்தையோடு அலைந்தாள்.

நான் டிக் போட்ட அன்று அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்தே நீதிமன்றம் போயிருப்பார்கள்.

இப்போது நான் கேட்பது: நீதிமன்றத்தில் பதிந்தீர்களா? சான்று எங்கே, காட்டுங்கள். குடும்பப் புத்தகம் (திருமணமும் குழந்தைகளும் பதிவாகும் சிரிய அரசு ஆவணம்) யார் கையில்? இல்லை என்றால் போர்வைக்கு முன்னால் அதைத்தான் கவனிப்பேன்.

வேலை அனுமதிச் சீட்டையே வேலை என்று எண்ணுவது

சிரிய அகதிகளுக்கு உதவுவது பற்றிய 2016 லண்டன் மாநாட்டை ஒட்டி, சிரியர்களுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகள் என்று பேச்சு. ஆரம்ப வருடங்களில் கொடுத்த அனுமதிகளில் பெண்களுக்குப் போனது மிகச் சொற்பம். கட்டட வேலை, வயல் வேலைதான் அதிகம் திறந்தது. குழந்தையை யாரிடம் விடுவது, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்காமல் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுபவர்களை என்ன சொல்ல.

அகதி என்றால் சிரியர்தான் என்பது

1948 முதல் பாலஸ்தீனர்கள் இருக்கிறார்கள். இராக்கியர், ஏமனியர், சூடானியரும்தான்.

ஆண் மொழிபெயர்ப்பாளரோடு பிரசவம் பற்றிக் கேட்பது

வேண்டாம்.