ஆர்.சி.டி. முகப்பில் உள்ள அலைக்கோட்டைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. பொருத்திய பிறகுதான் இதைக் கவனித்தேன். கொட்டகையில் இருந்த ஆர்.சி.டி., அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்து நம்மைக் காக்கும் கருவி, பழைய ‘ஏசி’ (மாறுதிசை மின்சார) வகை. சீராக ஏறி இறங்கும் 50 ஹெர்ட்ஸ் கசிவைத்தான் அது நம்பகமாக உணரும்.

வி.எஃப்.டி.யோ மின்சாரத்தை முதலில் டிசியாக்கி (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கி), பிறகு வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. அங்கே கசிவு ஏற்பட்டால் டிசியும் உயர் அதிர்வெண்களும் கலந்தே வரும். ஆர்.சி.டி.க்குள் இருப்பது ஒரு காந்த வளையம். மாறாத டிசி அதை நிறைத்துவிட்டால், பிறகு சாதாரண ஏசி கசிவு வந்தால்கூட அது உணராமல் போகலாம். 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருப்பதால், அவ்வளவு கசிந்தாலே துண்டித்துவிடும் என்று நம்பி, குறுவை நடவு நேரத்தில் வெறுங்காலுடன் சேற்றில் நின்று சுவிட்ச் போடுகிறோம். எனக்கு அதுதான் பயம்.

முகப்பில், நெல்மணி அளவு கட்டத்துக்குள் ஒரே ஒரு அலைக்கோடு இருந்தால் ஏசி வகை. அதன் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் ‘ஏ’ வகை. துடிக்கும் டிசியையும் உணரும். வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு இதுவாவது வேண்டும். மும்முனை வி.எஃப்.டி.க்கு, நேர்கோடும் சேர்ந்த ‘பி’ வகைதான் சரி. விலை கூடுதல்தான், தயங்காதீர்கள். மின்சாரம் வரும் வழியில் ‘பி’ வகைக்கு முன்னால், அதே இணைப்பில் பழைய ஏசி வகையை விட்டுவைக்காதீர்கள். டிசி அதையும் மந்தமாக்கிவிடும்.

‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது சோதிப்பது சாதாரண ஏசி கசிவை மட்டுமே.