போலந்து நகரங்கள்: எந்த ஊரில் எதை, எந்த நேரத்தில் பார்ப்பது

போலந்தில் பல ஊர்களின் பெருமை கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. போஸ்னான் நகரமன்றக் கடிகாரத்தின் இயந்திர ஆடுகள் பகல் 12 மணிக்கு முட்டிக்கொள்ளும். வார்சா பூங்காவின் ஷோபான் இசை ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் கிழமையை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ரயிலைப் பாருங்கள்.

கையில் 12 நாள் இருந்தால் புதன்கிழமை கிராக்கோவில் தொடங்குங்கள். அங்கே 4 நாள், வ்ரோத்ஸ்வாவ் 2, போஸ்னான் 1, தோருன் 1, க்தான்ஸ்க் 2, கடைசி சனி, ஞாயிறு வார்சா. ஒரு வாரம்தான் என்றால் கிராக்கோ, க்தான்ஸ்க், வார்சா போதும். எல்லா ஊரையும் அதற்குள் அடைத்தால் ரயில் நிலையங்கள்தான் நினைவில் நிற்கும்.

நெடுந்தூர ரயில்களுக்கு, அவற்றை இயக்கும் பி.கே.பி. இன்டர்சிட்டி நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் விலை குறையும். வேகமான பென்டோலினோ ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம். நிலையத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணைகளில் மஞ்சள் தாள் புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளைத் தாள் வரும் ரயில்களுக்கு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அடுத்த இடத்தில்: ‘பெரோன்’ என்பது நடைமேடை, ‘தோர்’ என்பது தண்டவாளம். ஒரே பெரோனின் இரு பக்கமும் வெவ்வேறு எண்ணுள்ள தோர் இருக்கும். தோர் 5 என்பதைப் பார்த்து ஐந்தாம் நடைமேடையைத் தேடிப் போனால் வண்டி போய்விடும். முதலில் பெரோன், பிறகு தோர், அதன்பின் பெட்டி எண் என்று பாருங்கள்.

கிராக்கோவுக்கு அதிக நாள் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. பெரிய சதுக்கத்தில் மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஒலிக்கும். பதிவு அல்ல, ஆளே நின்று நான்கு திசைக்கும் ஊதுகிறார். மெட்டு பாதியில் சட்டென அறுந்து நிற்கும். உள்ளே ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப் பலிபீடம். அதைப் பார்க்க முன்வாசல் வழியாக நுழையாதீர்கள், அது வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு. டிக்கெட் எடுத்துப் பக்கவாசலில் போக வேண்டும்.

வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு கிராக்கோ முதன்மை நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் போகிறது. ‘வியலிச்கா ரினெக் கோபால்னியா’ என்ற கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும். தொடக்கத்திலேயே சுமார் 380 படி இறங்க வேண்டும், மொத்தம் 800 படி. மேலே வர லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்து முடிவெடுக்கட்டும். உள்ளே 17, 18 டிகிரிதான், கோடையிலும் ஒரு மேல்சட்டை வேண்டும். தரைக்கு 101 மீட்டர் கீழே, உப்பிலேயே குடைந்த புனித கிங்கா ஆலயம் இருக்கிறது.

ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருக்கும் ஒஷ்வியென்சிமுக்கு ஒரு நாளைத் தனியாக விடுங்கள். அனுமதிச் சீட்டு பெயரிட்டே வரும். பாஸ்போர்ட் எடுத்துச் செல்லுங்கள், பெரிய பையை விட்டுவிடுங்கள். பல வாரம் முன்பே பதிவு செய்யாவிட்டால் வசதியான நேரம் கிடைக்காது. அதே நாளில் உப்புச் சுரங்கத்தையும் சேர்த்து விற்கும் சுற்றுலாக்களை வாங்க வேண்டாம். அந்த இடத்தை அவசரமாகக் கடப்பது சரியல்ல.

வ்ரோத்ஸ்வாவில் ஞாயிறன்று ரத்ஸ்வாவீத்செ பனோரமா ஓவியத்தைப் பாருங்கள்: 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம், நேரம் குறித்த டிக்கெட். திங்களன்று நாடெங்கும் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். அன்று பாலங்களையும், தெருவோரத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத வெண்கலக் குள்ளர் சிலைகளையும் தேடி நடக்கலாம். இருட்டும் நேரத்தில் பேராலயம் இருக்கும் ஒஸ்த்ரூவ் தும்ஸ்கி பகுதியில் எரிவாயு விளக்குகளை ஒருவர் கையால் ஏற்றிக்கொண்டே போவார்.

போஸ்னானுக்குச் செவ்வாய் காலையிலேயே போய்ச் சேருங்கள். 11.50க்கு நகரமன்றத்தின் முன் நின்றால் போதும். ஆடுகள் 12 முறை முட்டியதும் காட்சி முடிந்துவிடும். பிறகு வெள்ளைக் கசகசா பூரணம் வைத்த புனித மார்ட்டின் குரோசான். சான்றிதழ் மாட்டியிருக்கும் கடையில் வாங்குங்கள். ஒன்றே 150 கிராமுக்குக் குறையாது, இருவர் பகிரலாம்.

தோருன் கோப்பர்னிக்கஸ் பிறந்த ஊர், இஞ்சி ரொட்டிக்கும் பேர்போனது. முதன்மை நிலையம் விஸ்துலா ஆற்றின் மறுகரையில் இருப்பதால், உங்கள் வண்டி ‘தோருன் மியாஸ்தோ’ நிலையத்தில் நின்றால் அங்கே இறங்குவது நல்லது.

க்தான்ஸ்க்கில் 1980இல் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்த கப்பல்தளத்துக்கு அரை நாள் கொடுங்கள். அம்பர் என்ற, கல்லாகிப்போன பழங்கால மரப்பிசின் நகை வாங்குவதென்றால் மரியாட்ஸ்கா தெரு. கோர்க்காத மணியைச் சோதிக்க, 250 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துப் போடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். சில பிளாஸ்டிக்கும் இளம் பிசினான கோபாலும்கூட மிதக்கும் என்பதால் இது முழு நிரூபணம் ஆகாது. கோபால் மேல் ஒரு துளி அசிட்டோன் விட்டால் பிசுபிசுக்கும். வெள்ளி பதித்த நகைக்கு இந்த உப்புநீர்ச் சோதனை உதவாது. அதற்குச் சான்றிதழ் கேளுங்கள்.

வார்சாவின் பழைய நகரம் 1944இல் தரைமட்டமாக்கப்பட்டு, பெல்லோத்தோவின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் துணையாக வைத்து மீண்டும் எழுப்பப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாஜிகளை எதிர்த்த 1944 வார்சா எழுச்சியைச் சொல்லும் எழுச்சி அருங்காட்சியகத்தைச் சனியன்று பாருங்கள். அதற்கு விடுமுறை செவ்வாய். ஞாயிறன்று வாஜியென்கி பூங்காவில் ஷோபான் சிலையருகே 12 மணிக்கும் 4 மணிக்கும் பியானோ, கட்டணம் இல்லை. மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை மட்டும். பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறக்காது. ரயிலுக்கோ விமானத்துக்கோ வேண்டிய தின்பண்டத்தைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.