டஸ்டரா, பிரெஸாவா: பழைய வண்டிகளை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

கோத்தகிரியில் வீடு கட்டியிருக்கும் நண்பர் இரண்டு வண்டிகளின் படங்களை அனுப்பினார். ஒன்று 2015 ரெனோ டஸ்டர்: டீசல், ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும். இன்னொன்று 2020 மாருதி பிரெஸா: பெட்ரோல், முன் சக்கரம் மட்டும் இழுக்கும். "டஸ்டர் ஒன்றரை லட்சம் கம்மி, எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

சறுக்கல் அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிட்டது. இரண்டு வண்டியையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைச் சேர்க்காமல் விலையைக் கழித்துப் பார்த்துப் பயனில்லை. டஸ்டர் டீசலில் இருப்பது டைமிங் பெல்ட், இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பிரெஸா பெட்ரோலில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தச் செலவு கிடையாது. கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என மெக்கானிக் சொன்னதையெல்லாம் எழுதிக் கூட்டினோம். ஒன்றரை லட்சம் வித்தியாசம் ஐம்பதாயிரமாகச் சுருங்கியது.

அடுத்து டயர். அந்த டஸ்டரில் முன்னால் இரண்டும் புதுசு, பின்னால் இரண்டும் பட்டன் தேய்ந்த பழசு. செல்போன் வெளிச்சத்தில் பழைய டயரின் பக்கவாட்டில் தேடினால் 1219 என்று நான்கு எண்கள்: 2019-ஆம் வருடத்தின் 12-ஆவது வாரம். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இந்தக் கலப்பு இழுவைப் பாகங்களைத் தேய்க்காது. ஆல் வீல் டிரைவில் அப்படி விட முடியாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றும். பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் கப்ளிங்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்கித் தேயும். டயர் வாங்கினால் நான்காகத்தான் வாங்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. விற்பவர் நல்ல தார் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். அங்கே ஆல் வீல் டிரைவ் வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஈரமான மண் ஏற்றத்தில், டிரைவ் குமிழை லாக்கில் (முன், பின் சக்கரங்களைச் சேர்த்து இழுக்கவைக்கும் நிலையில்) வைத்து, பின் சக்கரம் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் லாக்கைப் போட்டு வளைத்துத் திருப்பாதீர்கள், வண்டி இழுத்துப் பிடிக்கும். அப்புறம் குனிந்து, பின் டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டியில்) ஆயில் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டீசல் என்றாலே லாபம் என்பது பழைய பழக்கம். இரண்டும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் எட்டு ரூபாய் வித்தியாசம் என்றும் வைத்துக்கொள்வோம். வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டும் நண்பருக்கு மிச்சம் 3,200 ரூபாய். ஒரு நல்ல டயர்கூட வராது.

ஆர்.சி.யையும் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும். 2015 வண்டி 2030-இல் புதுப்பிக்க வரும், விற்கும்போது அது விலையில் தெரியும். அந்தத் தலைமுறை டஸ்டரின் விற்பனையும் இந்தியாவில் 2022-இல் நின்றுவிட்டது. ஆல் வீல் டிரைவ் பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்று உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சரி, நண்பருக்கு அந்த நான்கு சக்கர இழுவை வேண்டுமா? அவர் வீட்டுக்குப் போகும் கடைசி முந்நூறு மீட்டர் மண் பாதை, நல்ல ஏற்றம். பிரெஸாவைக் கேட்டு வாங்கி அதில் ஏற்றிப் பார்த்தோம். ஏறிவிட்டது. ஆனால் அன்று மழை இல்லை. அவர் இன்னும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, ஒரு மழைக்குக் காத்திருக்கிறார்.