ஓல்ட் ஃபேஷண்ட்: சர்க்கரையை முதலில் பாகாக்கிவிடுங்கள்

வீட்டு விருந்துக்கு ஓல்ட் ஃபேஷண்ட் என்ற விஸ்கி காக்டெயிலைக் கலக்கப் போகிறீர்களா? சர்க்கரைக் கட்டியைக் குவளையில் போட்டு நசுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். மதுவில் சர்க்கரை லேசில் கரையாது. நான் முதல்முறை செய்தபோது, கடைசி மடக்கில் நறநறவென்று சர்க்கரைதான் வந்தது.

சம அளவு சர்க்கரையையும் வெந்நீரையும் கலந்து ஆறவைத்தால் போதும். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம்.

ஒருவருக்கு 60 மி.லி. போர்பன் விஸ்கி, ஒன்றரை டீஸ்பூன் பாகு, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (மூலிகை ஊறிய கசப்புச் சாறு) இரண்டு உதறல். 1806-லேயே நியூயார்க் மாகாணப் பத்திரிகை ஒன்று, மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் சேர்ந்ததுதான் காக்டெயில் என்று எழுதியது. ஆக, தண்ணீரும் சேர்மானம்தான். ஐஸோடு அரை நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள், ஐஸ் உருகி அந்தத் தண்ணீர் தானாக வந்துவிடும். குலுக்கினால் கலங்கிப்போகும்.

பரிமாறும்போது பெரிய ஐஸ் ஒன்று போடுங்கள். சின்னக் கிண்ணத்தில் உறையவைத்ததே போதும்.

ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, வெளிப்புறம் குவளையைப் பார்க்கும்படி மடித்துப் பிழியுங்கள். பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் மேலே படரும். பாதி ருசி அந்த மணத்தில்தான் இருக்கிறது. செர்ரி? எனக்கு வேண்டாம்.

எட்டுப் பேர் என்றால் 480 மி.லி. விஸ்கி, 60 மி.லி. பாகு, 16 உதறல் பிட்டர்ஸ், 120 மி.லி. தண்ணீர் என்று பாட்டிலில் கலந்து காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அப்புறம் கிளறவே வேண்டாம், ஊற்றுவதுதான் பாக்கி. வண்டி எடுப்பவர்களுக்கு எலுமிச்சை சோடா தனியாக இருக்கட்டும்.